காதால் படித்த கல்யாணப் பத்திரிகை

கண் உள்ளவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காத வேலையை நாளெல்லாம் செய்து, கண் தெரியாதவர்களிடம் தவறாமல் திட்டு வாங்குவதுதான் எங்கள் தொழில்.

நீங்களெல்லாம் ஒரு காகிதத்தை ஃபோனில் படம் பிடித்து, பிடிஎஃப் என்று பெயர் வைத்து, நாலு பேருக்கு அனுப்பிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுகிறீர்கள். பார்வையற்றவர்களின் ஃபோனிலும் கம்ப்யூட்டரிலும் திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதற்கு எழுத்துதான் தெரியும். நீங்கள் அனுப்பியதைப் பார்த்ததும் ‘படம்’ என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். ஆகவே யாராவது உட்கார்ந்து அதை எழுத்தாக்கி, எது தலைப்பு, எது அட்டவணை, எதற்கு அடுத்து எதை வாசிக்க வேண்டும், படத்தில் என்ன இருக்கிறது என்றெல்லாம் உள்ளே குறித்து வைக்க வேண்டும். அந்த யாராவது நான்தான். ஆலங்குடியில் ஒரு தேங்காய் மண்டியின் மாடியில் ஆபீஸ். அதற்கு முன்னால் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். கம்ப்யூட்டர் முன்னால் முதுகு வளைந்து பிழைக்கும் சக ஜீவன்களே, மற்றதையெல்லாம் நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

போர்டு வைத்த பாவம்

தொடங்கிய புதிதில் மாடிப்படி வாசலில் ‘மின்னணு ஆவண அணுகல் சேவை’ என்று போர்டு மாட்டினேன். ஆவணம் என்றால் நம் ஊரில் பட்டா, சிட்டா, பத்திரம். மாட்டிய அன்றே கையில் மஞ்சள் பையோடு ஒருவர் மூச்சு வாங்க ஏறி வந்தார். பட்டாவில் பெயர் மாற்ற வேண்டுமாம். இங்கே இல்லைங்க என்றேன். ரேஷன் கார்டு? இல்லைங்க. ஆதார்? இல்லைங்க. ஒரு ஜெராக்ஸாவது எடுப்பீங்களா என்றார். மெஷின் இல்லை என்றேன்.

அவ்வளவு தூரம் ஏறி வந்தவரைச் சும்மா அனுப்ப மனம் வராமல், நான் என்ன செய்கிறேன் என்று பொறுமையாக விளக்கினேன். அவரும் என்னைவிடப் பொறுமையாகக் கேட்டார். முடித்ததும் எழுந்து, பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

“மனச விட்டுறாதீங்க தம்பி. போகப் போக ஏதாச்சும் ஒரு வேல கத்துக்கலாம்.”

இரண்டு இடத்தில் ஒரு பெயர்

ஆபீசில் இரண்டே பேர். நான் செய்வேன், செல்வராணி சோதிப்பாள். அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. கல்லூரி முடித்து, கம்ப்யூட்டரும் படித்துவிட்டு, பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறாள். அவள் காதில் அந்த மென்பொருள் பேசும் வேகம் வாணலியில் கடுகு பொரிவதுபோல் இருக்கும். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. அவளோ அதைக் கேட்டுக்கொண்டே, “அண்ணே, ஏழாம் பக்கத்துல ஒரு படம் ஊமையா ஒக்காந்துருக்கு” என்பாள். தப்பு இல்லாத ஃபைலுக்கு அவள் தரும் அதிகபட்சப் பாராட்டு, ‘பாஸு’. அதற்கு மேல் ஒரு எழுத்து கிடைக்காது.

ஒருநாள் மதியம் கீழ் மண்டிக்காரர் தன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை வைத்துவிட்டுப் போனார். செல்வராணி அதை வாங்கி மூலையை முகர்ந்து பார்த்தாள். பிறகு விரலால் பிள்ளையாரைத் தடவினாள். “எனக்குப் பத்திரிகைன்னா இந்த மஞ்ச வாசமும், மொழுமொழுன்னு ஒரு புள்ளையாரும்தாண்ணே. உள்ள இருக்கிறத எல்லாம் யாராச்சும் சொன்னாத்தான்” என்றாள். அவளுக்கு முன்பே தம்பிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அக்காள் என்று தன் பெயரும் அந்தப் பத்திரிகையில் இருக்கிறதா என்று வீட்டில் கேட்டாளாம். இருக்கிறது என்றார்களாம். எங்கே என்று கேட்டதற்கு, அம்மா பிள்ளையாருக்குக் கீழே என்றாராம், தம்பி கடைசி வரியில் என்றானாம். நான் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவள் சிரித்துக்கொண்டே டிபன் பாக்ஸை மூடினாள்.

“ரெண்டு எடத்துலயும் போட்டுருப்பாங்க போலண்ணே.”

தாளாளரின் தலைமுடி

ஒரு தனியார் கல்லூரியின் ஆண்டு மலர் வந்தது. பாதிப் பக்கங்களில் தாளாளர், மீதிப் பக்கங்களில் தாளாளருக்குச் சால்வை. ஒவ்வொரு படத்துக்கும் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதி வைப்பது எங்கள் வேலை. ‘தாளாளருக்குச் சால்வை அணிவிக்கப்படுகிறது’ என்று எழுதி எழுதிக் கை சலித்துவிட்டது. சோதித்துக்கொண்டிருந்த செல்வராணி நடுவில் ஹெட்ஃபோனைக் கழற்றி, “அண்ணே, ஃபேனக் கொஞ்சம் கூட்டி வைங்க. இந்த மனுசனுக்குப் போத்துற போத்துல எனக்கு வேர்க்குது” என்றாள்.

ஃபைலை அனுப்பிய இரண்டாம் நாள் தாளாளரே நேரில் வந்துவிட்டார். பட்டங்களைச் சேர்க்கச் சொல்லப் போகிறார் என்று நான் தயாராக இருந்தேன். மனிதர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, குரலை இறக்கி, முதல் பக்கப் படத்தில் ‘கருகருவென்ற தலைமுடியுடன்’ என்று இரண்டு வார்த்தை சேர்க்க முடியுமா என்று கேட்டார். படத்தில் தலை பஞ்சு மூட்டையாக இருந்தது. உள்ளதைத்தான் எழுத வேண்டும் சார், அதுதான் எங்கள் தொழில் தர்மம் என்றேன். அவர் பெருமூச்சு விட்டார்.

“கண்ணு தெரிஞ்சவங்ககிட்டதான் மானம் போச்சு. தெரியாதவங்ககிட்டயாவது நான் எளவட்டமா இருந்துட்டுப் போறேனே தம்பி.”

இரண்டு மணி பஸ்

பார்வையற்ற மாணவர்களுக்காக அறந்தாங்கியிலிருந்து ஒரு தொண்டு அமைப்பு பஸ் நேர அட்டவணை ஒன்றை அனுப்பியது. அதை முதலில் அடித்த புண்ணியவான் அட்டவணை போடாமல், ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டியே ஊரையும் நேரத்தையும் எதிரெதிரே நிறுத்தியிருந்தார். கண்ணுக்கு லட்சணமாக இருந்தது. காதில் கேட்டால் மாவட்டத்து ஊர்களெல்லாம் வரிசையாக வந்து, அப்புறம் மணியெல்லாம் வரிசையாக வந்தன. எந்த ஊருக்கு எந்த மணி என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு ஒழுங்காகக் கட்டினேன். செல்வராணியே ஒரே தடவையில் ‘பாஸு’ போட்டுவிட்டாள். அந்தத் திமிரில், தவறு இருந்தால் அழைக்கவும் என்று கடைசியில் என் நம்பரைப் போட்டுத் தொலைத்தேன்.

ஒரு மாணவன் பஸ் ஸ்டாண்டிலிருந்தே அழைத்தான். கீரமங்கலம் பஸ் இரண்டு மணிக்கு என்று உங்கள் ஃபைல் சொல்கிறது, இன்னும் வரவில்லை என்றான். அலறியடித்துக்கொண்டு திறந்து பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அழைத்தான். இந்த முறை செல்வராணியும் கேட்டுப் பார்த்து, கட்டம் எதுவும் இடம் மாறவில்லை என்றாள். கடைசியாக அவன் அழைத்தபோது பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. பஸ் வந்துவிட்டது போலிருக்கிறது.

“அண்ணே, ஒங்க அட்டவணைல ஒரு தப்பும் இல்ல. பஸ்காரங்கதான் அத இன்னும் படிக்கல.”

ஆளுக்கொரு பத்திரிகை

இப்படி இருக்கும்போது செல்வராணிக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை முத்துக்குமார், கீரமங்கலத்தில் பூக்கடை. பெண் பார்க்க வந்த இடத்தில் நீளமாக, தெளிவாகப் பேசினாராம். “பேச்சுல நடுவுல ஊமைப் படமே இல்லண்ணே” என்று எங்கள் தொழில் பாஷையில் சான்றிதழ் கொடுத்தாள். வீட்டில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. நகை இல்லை, புடவை இல்லை. தன் கல்யாணப் பத்திரிகை தன் ஃபோனுக்கு ஃபைலாக வர வேண்டும், அதை யாரும் சொல்லாமல் தானே படிக்க வேண்டும்.

அவள் அப்பா கருப்பையா கடலைக் கொல்லையிலிருந்து நேராக ஆபீசுக்கு வந்தார். அவருக்கு இது தேவையில்லாத வேலையாகத் தெரிந்தது. “வீடு நெறைய ஆளு இருக்குங்க தம்பி. ஆளுக்கொரு தடவ படிச்சுக் காட்ட மாட்டமா?” என்றார். நியாயமாகத்தான் கேட்டார், பாவம். என் மொய்யாக இதை நானே செய்து தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஹெட்ஃபோனைக்கூடக் கழற்றாமல் அவளிடமிருந்து பதில் வந்தது.

“ஆளுக்கொரு தடவ படிச்சா ஆளுக்கொரு பத்திரிக வரும்ப்பா.”

ஒரே வரியில் இரண்டு பெரியவர்கள்

அச்சடித்த பத்திரிகை கைக்கு வந்ததும், பழைய அச்சகத்து ஆளான எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பிள்ளையாருக்குக் கீழே ‘முன்னிலை’ என்று போட்டு, ஒரே வரியில் இரண்டு பெயர்கள். இடது பக்கம் பெரியப்பா வேலாயுதம், குடும்பத்துக்கு மூத்தவர். வலது பக்கம் தாய்மாமன் ராசேந்திரன், பெண்ணுக்கு மாலை போடுகிறவர், சீர் கொண்டு வருகிறவர். யார் பெயர் முதலில் என்று வீட்டில் நடந்த போரை அச்சகக்காரர் சமாதானத்தில் முடித்திருந்தார். மேலே கீழே போடாமல் பக்கத்தில் பக்கத்தில். இடது பக்கம் பெரியப்பாவுக்குப் போனதால், வலது பக்கத்து மாமாவுக்கு எழுத்து ஒரு சுற்றுப் பெரிது. காகிதத்தில் எல்லோருக்கும் திருப்தி. கண் ஒரே பார்வையில் இரண்டு பேரையும் பார்த்துவிடும். காதுக்கு அந்த வசதி கிடையாது. ஒருவரைச் சொல்லிவிட்டுத்தான் இன்னொருவரைச் சொல்ல முடியும்.

நான் வழக்கம்போல் இடமிருந்து வலமாக வரிசை வைத்து, முதல் பிரதியைச் சரிபார்க்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினேன். செல்வராணி அதைத் திறப்பதற்கு முன்பே அவள் தம்பி தன் ஃபோனில் வாசிக்கவிட்டு, குரலைப் பதிந்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். பேசும் பத்திரிகை! அது சிங்கப்பூர், துபாய் வரை போக, எல்லோரும் கேட்டார்கள். கண் நன்றாகத் தெரிகிற அத்தனை பேரும் கேட்டார்கள். மறுநாள் காலை மாமா மாடிப்படி அதிர ஏறி வந்தார். தன் பெயரை இரண்டாவதாகச் சொல்கிறதாம். ஒரே நேரத்தில் இரண்டு பேரைச் சொல்ல அதற்கு ஒரு வாய்தான் இருக்கிறது என்றேன். “என் பேரு பெரிய எழுத்துல இருக்கே, அத ஏன் சொல்லல?” என்றார். எழுத்தின் அளவையெல்லாம் அது சொல்லாதுங்க என்றேன். மாமா தாடையைச் சொறிந்தபடி யோசித்தார்.

“அப்ப எம்பேரு வாரப்ப மட்டும் கொஞ்சம் சத்தமாச் சொல்லச் சொல்லுங்க.”

நிலை ஒன்று

ஊர் வம்பு எதற்கு என்று பெயர்களை இடம் மாற்றினேன். தம்பிக்காரன் அதையும் பதிந்து குழுவில் போட்டான். சாயங்காலம் பெரியப்பா வந்தார். அவர் சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. கல்யாணத்தன்று தனக்கு வேறு ஊரில் ஒரு காதுகுத்து இருப்பதாக மட்டும் சொன்னார். அவர் வரவில்லை என்றால் பங்காளிகள் ஒருவரும் வர மாட்டார்கள். சேதி தெரிந்து மாமாவும் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். மறுபடி மாற்றினால் தன் சீரும் மாலையும் இங்கிட்டுத் திரும்பாது என்றார். வாசலில் கருப்பையா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார். அகர வரிசையில் போட்டுவிடலாமா என்று நான் ஒரு யோசனை சொன்னேன். “எங்க வீட்டு மொறைய ஆனா ஆவன்னாவா முடிவு பண்றது?” என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கேட்டார்கள். அந்த ஒரு விஷயத்தில்தான் அவர்களுக்குள் ஒற்றுமை இருந்தது.

செல்வராணி பக்கம் திரும்பினேன். ஹெட்ஃபோன் கழுத்தில் கிடந்தது, விரல்கள் மேசையில் சும்மா கிடந்தன. இந்தக் கல்யாணம் நின்றால் ஊர் பெரியப்பாவைச் சொல்லாது, மாமாவையும் சொல்லாது. ஒழுங்காக எல்லோரையும் போல் படிக்கக் கேட்காமல் தனியாகப் பத்திரிகை கேட்டாள் பார், அதனால்தான் என்று அவளைத்தான் சொல்லும். அவளும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். அந்த நிமிஷம் எங்கள் தொழிலில் செய்யவே கூடாத பாவத்தைச் செய்தேன். பெரியப்பாவின் பெயரை முதலில் வைத்து, இரண்டு பெயர்களையும் முதல் நிலைத் தலைப்பாகக் குறித்துவிட்டேன். ஸ்பீக்கரில் போட்டேன். ‘தலைப்பு, நிலை ஒன்று, வேலாயுதம். தலைப்பு, நிலை ஒன்று, ராசேந்திரன்’ என்று அது கணீரென்று வாசித்தது.

“எனக்கும் ஒண்ணுதானா?” என்றார் மாமா. ஒன்றுக்கு மேலே எங்களிடம் வேறு நிலையே கிடையாதுங்க என்றேன். இது எல்லோருக்கும் கொடுப்பதா என்று பெரியப்பா சந்தேகமாகக் கேட்டார். ஒரு ஃபைலில் மிக முக்கியமானதுக்கு மட்டும்தான் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. மாமாதான் முதலில் எழுந்து, பெரியப்பாவுக்குக் கை கொடுத்து எழுப்பினார். இரண்டு பேரும் டீ குடிக்க ஒன்றாகப் படி இறங்கினார்கள். போகும்போது மாமா சொன்னது மேலே கேட்டது.

“நெல ஒண்ணுன்னு அதுவே சொல்லிருச்சு மச்சான், அப்பறம் நமக்குள்ள முன்ன என்ன, பின்ன என்ன?”

மெதுவாக

அவர்கள் போனதும் நான் திட்டுக்குத் தயாரானேன். ஆள் பெயரைத் தலைப்பாக்கினால் செல்வராணி ஃபைலைத் திருப்பி என் முகத்திலேயே எறிவாள். தலைப்பு எதற்கு என்று அவளுக்குத் தெரியும். பெரியவர்களிடம் நான் சொல்லாமல் விட்ட பாதி அதுதான். பார்வையற்றவர்கள் ஒரு ஃபைலைப் படிக்கும்போது, வேண்டாத பகுதியைத் தாண்டி அடுத்த தலைப்புக்கு ஒரே தட்டில் போய்விடலாம். அந்த வசதிக்குத்தான் தலைப்பு வைக்கிறோம். அவள் தன் ஃபோனில் ஃபைலைத் திறந்தாள். ஒரு தட்டு, பெரியப்பாவைத் தாண்டினாள். இன்னொரு தட்டு, மாமாவையும் தாண்டினாள். அவளுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது.

அப்புறம் நிறுத்தினாள். எதையோ அழுத்தி, வாசிக்கும் வேகத்தைக் குறைத்தாள். மேலும் குறைத்தாள். அவளுடைய இயந்திரம் பேசி எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது அன்றுதான். முதலிலிருந்து தொடங்கினாள். இந்த முறை எதையும் தாண்டவில்லை. பெரியப்பா, மாமா, அம்மா, அப்பா, ஊர் பெயர், முத்துக்குமார், அவர் வீட்டார், முகூர்த்த நேரம், கல்யாண மண்டபம், கடைசியில் தம்பியும் தம்பி பெண்டாட்டியும் வரை எல்லாம் வந்தது. நடுவில் ‘மணமகள் செல்வராணி’ என்று வந்த இடத்தில் அவள் கை மட்டும் மேசையில் இருந்த அச்சடித்த பத்திரிகையைத் தேடி, மஞ்சள் தடவிய மூலையைப் பிடித்துக்கொண்டது. நான் என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் ஒன்றும் தெரியவில்லை, கண் நிறைந்திருந்தது. கேட்டு முடித்துவிட்டு, வழக்கமான சோதனை முடிவைப்போலவே சொன்னாள்.

“பாஸுண்ணே. எம்பேரு இருக்கு. ஒரே ஒரு எடத்துலதான் இருக்கு.”

கல்யாணத்துக்கு இரண்டு நிலை ஒன்றுகளும் வந்து முன்வரிசையில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும், எல்லோரும் படிக்கும்படி ஒரு ஃபைலைச் செய்துவிடலாம், எல்லோருக்கும் பிடிக்கும்படி செய்யத்தான் இன்னும் மென்பொருள் வரவில்லை என்பதையும் சக ஜீவன்களின் காதில் போட்டு வைக்கிறேன்.